ஏரி, வீடு, ப்ளாட்டு: தி.நகர் கணக்கு

தி.நகர்ல ஒரு பழைய வீட்டை இடிச்சா உடனே "ஐயோ, பாரம்பரியம் போச்சே"ன்னு ஒரு புலம்பல் கிளம்பும். நானும் புலம்பற கோஷ்டிதான். ஆனா கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்த்தா, அந்த வீடே இன்னொண்ணை அழிச்சுட்டுத்தான் வந்திருக்கு. அந்த இன்னொண்ணு ஒரு ஏரி.

நுங்கம்பாக்கத்துலேர்ந்து தெற்கே நீளமாக் கிடந்த ஏரி அது. வெள்ளைக்காரன் வரைபடத்துல அதுக்கு 'லாங் டேங்க்'னு பேர். 1920களில் நீதிக்கட்சி ஆட்சியில, வளர்ந்துகிட்டிருந்த மெட்ராஸுக்காகத் தண்ணியை வடிச்சு மனை போட்டாங்க. 1925-ல் மறைந்த பிட்டி தியாகராயர் பேர்ல ஊர். ஆட்சியிலிருந்த பனகல் அரசர் பேர்ல பூங்கா. டி.எம்.நாயர், நடேச முதலியார், உஸ்மான்னு கட்சித் தலைவர்கள் பேர்ல தெருக்கள். ஏரிக்கு மிஞ்சினது மேற்கு மாம்பலம் லேக் வியூ ரோடு. அங்கே போய் நின்னா லேக்கும் இல்லை, வியூவும் இல்லை :-)

அப்போ கட்டின வீடுகளுக்கு மேல்தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளுக்கு மேல மெல்லிசு செங்கல்லைச் செங்குத்தா சுண்ணாம்புச் சாந்துல அடுக்கி, அதுக்கு மேல செங்கல் ஜல்லி போட்டு இடிச்சு, கடைசியா தட்டோடு பதிப்பாங்க. வாசல்ல நாலு படி, சுத்தி மண் தரை, கொல்லையில கிணறு. மழைத்தண்ணிக்கு இறங்க வழி இருந்தது. ஏரியை அழிச்சுக் கட்டினாலும், ஏரியோட ஒரு சமாதானத்துல இருந்த வீடுகள்.

சரி, அப்புறம் ஏன் இடிக்கிறாங்க? பேராசைன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடலாம். ஆனா பொட்டி தட்டுறவனுக்குக் கணக்கு போட்டுப் பார்க்காம தூக்கம் வராதே. எங்க தாத்தா வீட்டையே எடுத்துக்கறேன். ரெண்டு கிரவுண்டு, அதாவது 4800 சதுர அடி. தாத்தா சுயமா சம்பாதிச்சது, உயில் எழுதலை. 1956 வாரிசுரிமைச் சட்டப்படி பாட்டி, மூணு பிள்ளைகள், ரெண்டு பொண்ணுங்க, ஆறு பேருக்கும் சமபங்கு. ஒரு கூடத்தை ஆறாப் பிரிக்க முடியுமா? ப்ளாட்டுன்னா முடியும். முன்னெல்லாம் மனையைப் போல ஒன்றரை மடங்குதான் கட்டலாம். 2019 விதிகள் அதை ரெண்டு மடங்கா ஆக்கிடுச்சு. அப்படின்னா 9600. பில்டருக்குப் பாதி போனா மீதி 4800. ஆறால வகுத்தா ஆளுக்கு சுமாரா 800 சதுர அடி. பெரிய அத்தை இத்தனை வருஷமா வாடகை வீட்டுலதான் இருக்காங்க. அவங்க பேர்ல முதல் தடவையா ஒரு வீடு வருது. இதுல யார் வில்லன்?

ப்ளாட்டும் நிரந்தரம் இல்லைங்க. 2022-ல் வந்த அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூணுல ரெண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதிச்சா பழைய ப்ளாட்டையே இடிச்சுப் புதுசா கட்டலாம். வீட்டை இடிச்சு வந்ததுக்கும் அதே கணக்கு ஒருநாள் வரும்.

இந்தக் கணக்குல வராத ஒரே ஆள் தண்ணிதான். 2015-லயும் 2021 நவம்பர்லயும் தி.நகர் தெருக்கள்ல தண்ணி நின்னப்போ, பழைய விலாசம் தேடித்தான் வந்துச்சுன்னு எனக்குத் தோணுச்சு. மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாயிடுச்சு. ஆனா ஒரு குழாயும் குழியும் வேற, நாப்பது அடி ஆழக் கிணறு வேற.

எங்க ப்ளான்ல கிணறு இருக்கற இடம் கார் பார்க்கிங். பாட்டி கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க: "வீட்டை இடிச்சுக்கோங்கடா, கிணத்தை மட்டும் தூர்க்காதீங்க." அதை விட்டா ரெண்டு கார் நிறுத்தற இடம் போயிடும்னு பில்டர் சொல்றார். அந்த ரெண்டு காருக்காகத்தான் இப்போ எங்க வீட்ல பஞ்சாயத்து. ஓட்டு மூணுக்கு மூணு.

உங்க பக்கத்துல யாராவது கிணத்தைக் காப்பாத்தி, மாடித் தண்ணியை அதுல விட்டு ப்ளாட்டு கட்டியிருந்தா ஒரு படம் எடுத்துப் போடுங்க மக்களே. சித்தப்பாகிட்ட காட்டணும். இன்னும் ஒரு ஓட்டுதான் வேணும்.