பொய்க் கோரிக்கைச் சட்டமும் மெடிகேர் மோசடியும்

பொய்க் கோரிக்கைச் சட்டம் என்பது அரசிடம் பொய்க் கணக்குக் காட்டிப் பணம் பெறுவோர் மீது வழக்குத் தொடர வழிசெய்யும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் ஆகும். போர்க்கால ஒப்பந்தக்காரர்களைக் கட்டுப்படுத்த இயற்றப்பட்ட இச்சட்டமே, இன்று அந்நாட்டின் அரசு மருத்துவக் காப்பீட்டு மோசடிக்கு எதிரான முதன்மைக் கருவியாக உள்ளது. மோசடியை உள்ளிருந்து அறிந்தவரே அரசின் சார்பில் வழக்குத் தொடுக்கலாம் என்பது இதன் சிறப்பு.

தோற்றம்

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, நோயுற்ற குதிரைகளையும் நைந்துபோகும் சீருடைகளையும் படைக்கு விற்றுச் சிலர் கொள்ளை இலாபம் அடைந்தனர். இதைத் தடுக்க 1863 மார்ச் 2 அன்று இச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. அப்போதைய குடியரசுத் தலைவரின் பெயரால் இதனை 'லிங்கன் சட்டம்' என்றும் அழைப்பர். வழக்குத் தொடுத்த தனிநபருக்கு, மீட்கப்பட்ட தொகையில் பாதி கிடைத்தது. 1943 இல் இப்பங்கு பெரிதும் குறைக்கப்பட்டது. அரசு ஏற்கெனவே அறிந்த செய்தியின் அடிப்படையில் வழக்குத் தொடுப்பதும் தடுக்கப்பட்டது. இதனால் சட்டம் ஏறத்தாழச் செயலிழந்தது.

மருத்துவக் காப்பீடு

1965 இல் முதியோருக்கான மெடிகேர், வறியோருக்கான மெடிகெய்டு ஆகிய திட்டங்கள் தொடங்கப்பட்டன. மருத்துவமனைகள் அனுப்பும் கட்டணப் பட்டியலை நம்பி முதலில் பணம் வழங்குவதும், தவறு தெரிந்தால் பின்னர் மீட்பதுமே வழக்கமாக இருந்தது. அளிக்காத சிகிச்சைக்குப் பணம் கேட்டல், எளிய சிகிச்சையைப் பெரிய சிகிச்சையாகக் காட்டல், நோயாளிகளை அனுப்புவதற்குக் கையூட்டு வாங்கல் ஆகியவை பெருகின. 1977 இல் இத்தகைய கையூட்டு கடுங்குற்றமாக்கப்பட்டது. எனினும், பட்டியலில் உள்ள சிகிச்சை உண்மையில் நடந்ததா என்பதை மருத்துவமனைக்குள் இருப்பவரே அறிவார்.

1986 திருத்தம்

1986 திருத்தம் தனிநபர் வழக்குகளுக்குப் புத்துயிர் அளித்தது. அரசு வழக்கை ஏற்று நடத்தினால் முறையிட்டவருக்கு மீட்புத் தொகையில் 15 முதல் 25 விழுக்காடும், ஏற்காவிட்டால் 25 முதல் 30 விழுக்காடும் கிடைக்கும். மனு முதலில் குறைந்தது 60 நாட்கள் இரகசியமாக வைக்கப்படும். அக்காலத்தில் அரசு விசாரணை நடத்தும். முறையிட்டதற்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டவர் மீண்டும் வேலையையும் நிலுவைச் சம்பளத்தை இரு மடங்காகவும் பெறலாம். இவ்வகை வழக்குகளையும் உள்ளடக்கிய விசாரணைகளின் முடிவில், எச்.சி.ஏ. மருத்துவமனைக் குழுமம் 2000 முதல் 2003 வரை மொத்தம் ஏறத்தாழ 170 கோடி டாலர் செலுத்தியது.

தண்டனைகள்

மோசடி செய்தவர் அரசுக்கு ஏற்பட்ட இழப்பைப் போல் மூன்று மடங்கும், ஒவ்வொரு பொய்க் கோரிக்கைக்கும் தனி அபராதமும் செலுத்த வேண்டும். அரசுத் திட்டங்களில் இருந்தும் விலக்கப்படலாம். 1996 இல் வந்த தனிச் சட்டத்தின்படி மருத்துவக் காப்பீட்டு மோசடிக்கு 10 ஆண்டுகள் வரை சிறை உண்டு. அதனால் நோயாளிக்குக் கடும் உடற்கேடு நேர்ந்தால் 20 ஆண்டுகள் வரையும், மரணம் நேர்ந்தால் ஆயுள் வரையும் சிறை விதிக்கலாம்.

டெட்ராய்ட் வழக்கு

இம்மோசடியில் பறிபோவது பணம் மட்டும் அன்று. டெட்ராய்ட் பகுதியில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர், புற்றுநோய் இல்லாதவர்களுக்கும் வேதிச் சிகிச்சை அளித்து மெடிகேரிடம் பணம் பெற்றார். 2010 இல் ஒரு செவிலியர் மாநில அதிகாரிகளிடம் அளித்த முறையீடு பயனின்றிப் போனது. 2013 இல் அந்த மருத்துவ நிலையத்தின் நிர்வாகியே கூட்டாட்சி அரசுக்குத் தகவல் அளித்த சில நாட்களில் மருத்துவர் கைதானார். பாதிக்கப்பட்ட நோயாளிகள் 553 பேர் என அரசுத் தரப்பு கணக்கிட்டது. 2015 இல் அவருக்கு 45 ஆண்டுகள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

விவாதம்

அரசின் வழக்கைத் தனிநபர் நடத்துவது குறித்த எதிர்ப்பும் உண்டு. 2024 இல் புளோரிடாவின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, இம்முறை அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்பட்டது.