பாதரச மின்முனையில் லிப்போசோம்கள்

லிப்போசோம் என்பது நீரில் மிதக்கும் நுண்ணிய கொழுப்புக் குமிழி. அதன் சுவர் சுமார் 5 நானோமீட்டர் தடிமனுள்ள ஈரடுக்குப் படலம். இரு அடுக்குகளிலும் மூலக்கூறுகளின் நீர்விரும்பும் தலைகள் வெளிப்புறமும் கொழுப்பு வால்கள் உட்புறமும் அமைந்திருக்கும்.

இக்குமிழி எந்தப் பரப்பில் மோதுகிறது என்பதே அதன் கதியைத் தீர்மானிக்கிறது. கண்ணாடி, மைக்கா ஆகியவற்றில் பல லிப்போசோம்கள் வெடித்து, ஈரடுக்காகவே படிகின்றன. தங்கத்தில் பெரும்பாலும் உடையாமல் ஒட்டிக்கொள்கின்றன. பாதரசம் நீரை வெறுக்கும் பரப்பு. அங்கே குமிழி கிழிந்து விரிய, கொழுப்பு வால்கள் உலோகத்தைப் பற்றி ஓரடுக்குத் தீவாகின்றன.

இதை நேரடியாக அளந்து காட்டியவர்கள் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டு பல்கலைக்கழகத்தில் ஃபிரிட்ஸ் ஷோல்ஸ் குழுவினர் (2002). அவர்களின் மின்முனை, கண்ணாடி நுண்குழாயின் நுனியில் தொங்கும் பாதரசத் துளி. அதன் மின்னழுத்தம் மாறாமல் வைக்கப்படும். ஒரு குமிழி விரியும்போது அந்த இடத்தின் மின்தேக்குதிறன் பன்மடங்கு குறைகிறது. பாதரசமும் கரைசலும் சந்திக்கும் இடத்தில் எதிரெதிர் மின்னூட்டங்கள் சேர்ந்திருக்கும் இரட்டை மின்னடுக்கிலிருந்து மின்னூட்டம் வெளியேற, சில மில்லிநொடிகளே நீடிக்கும் மின்னோட்டக் கூர்முனை பதிவாகிறது. ஒரு குமிழிக்கு ஒரு கூர்முனை: இம்முறையின் அழகே இதுதான். கூர்முனையின் கீழுள்ள பரப்பளவிலிருந்து தீவின் அளவையும், வடிவத்திலிருந்து விரியும் வேகத்தையும் கணக்கிடலாம். பாதரசப் பரப்பில் மின்னூட்டமே இல்லாத நிலைக்குரிய மின்னழுத்தத்தைக் கடந்தால் கூர்முனை தலைகீழாகும்.

வெப்பநிலையும் முக்கியம். டைமிரிஸ்டாயில் பாஸ்ஃபாட்டிடைல்கோலின் என்ற கொழுப்பால் ஆன படலம் சுமார் 24 பாகை செல்சியசில் கூழ்நிலையிலிருந்து நெகிழ்நிலைக்கு மாறுகிறது. அத்துடன் அது விரியும் விதமும் மாறுகிறது.