அச்சுக்கு அடங்காத அலுமினியம்

முப்பரிமாண அச்சு என்றாலே எல்லோரும் இயந்திரத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். உள்ளே கொட்டும் தூளைப் பற்றிப் பேச ஆளில்லை. வரலாற்றைப் புரட்டினால் இயந்திரம் எப்போதோ தயார், தூள்தான் மக்கர் செய்தது என்று தெரிகிறது. 7075 என்ற அலுமினியக் கலவையின் கதையைப் பாருங்கள்.

1930களின் நடுவில் ஜப்பானின் சுமிட்டோமோ நிறுவனம் ரகசியமாக உருவாக்கிய கலவைதான் இதற்கு முன்னோடி. ஜீரோ போர் விமானத்தில் அதைப் பயன்படுத்தினார்கள். பிடிபட்ட ஜப்பானிய விமானம் ஒன்றை ஆராய்ந்து, 1943ல் அமெரிக்காவின் அல்கோவா நிறுவனம் 7075ஐக் கொண்டுவந்தது. அலுமினியத்தோடு துத்தநாகம், மக்னீசியம், செம்பு சேர்ந்தது. எடை குறைவு, வலிமை அதிகம். விமானம் கட்டுபவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

1980களில் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் கார்ல் டெக்கார்டு, தூளை லேசரால் அடுக்கடுக்காக ஒட்டவைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1990களின் நடுவில் ஜெர்மனியில் உலோகத்தூளையே லேசரால் உருக்கத் தொடங்கினார்கள். எஃகு, டைட்டானியம் எல்லாம் வழிக்கு வந்தன. 7075 வரவில்லை. அச்சிட்டு அறுத்துப் பார்த்தால் உள்ளே விரிசலோ விரிசல்!

காரணம் இதுதான். லேசர் பட்ட இடம் கண்ணிமைக்கும் நேரத்தில் உருகி உறைகிறது. உறையும்போது படிகங்கள் ஒரே திசையில் நீண்ட தூண்களாக வளர்கின்றன. கடைசியாக உறைய வேண்டிய திரவம் தூண்களுக்கு இடையே மெல்லிய படலமாக மாட்டிக்கொள்கிறது. சுற்றியுள்ள உலோகம் குளிர்ந்து சுருங்கும்போது அந்த இடம் கிழிந்துவிடுகிறது. ஏரி வற்றினால் தரை பாளம் பாளமாக வெடிக்குமே, கிட்டத்தட்ட அப்படி. போதாக்குறைக்கு லேசர் சூட்டில் துத்தநாகம் வேறு ஆவியாகிப் பறக்கிறது. அதனால் சுமார் 10 சதவீதம் சிலிக்கன் கலந்த வார்ப்பு அலுமினியத்தை வைத்தே காலம் தள்ளினார்கள். அது விரிசல் விடாது, ஆனால் 7075ன் வலிமைக்குப் பக்கத்தில் வராது.

2017ல் கலிபோர்னியாவின் மாலிபு நகரிலுள்ள எச்.ஆர்.எல். ஆய்வகத்தினர் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். (1960ல் தியோடர் மைமன் உலகின் முதல் லேசரை ஒளிரவைத்ததும் இதே ஆய்வகத்தில்தான். அப்போது அதன் பெயர் ஹியூஸ் ஆய்வகம்.) புழக்கத்தில் உள்ள 5,500க்கும் மேற்பட்ட கலவைகளில் மிகப் பெரும்பாலானவற்றை அச்சிடவே முடியாது என்று அதில் எழுதியிருந்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவர்கள் லேசரில் கை வைக்கவில்லை. தூளின் ஒவ்வொரு மணிமீதும் சிர்கோனியம் சேர்ந்த நானோ துகள்களைப் பூசினார்கள். உருகியதும் சிர்கோனியம் அலுமினியத்தோடு சேர்ந்து நுண்ணிய விதைகளாகிறது. பானைக்குள் கட்டிய நூலைப் பிடித்துக்கொண்டு பனங்கற்கண்டு விளைகிற மாதிரி, ஒவ்வொரு விதையிலும் ஒரு குட்டிப் படிகம். நீண்ட தூண்கள் இல்லை, பொடிமணிகள்தான். சுருக்கத்தை அவை பகிர்ந்துகொள்வதால் விரிசலும் இல்லை.

2019ல் அந்தக் கலவை 7ஏ77 என்ற எண்ணோடு அமெரிக்க அலுமினியச் சங்கத்தின் பதிவேட்டில் ஏறியது. துத்தநாகம் ஆவியாகும் தொல்லை மட்டும் இன்னும் முழுதாகத் தீர்ந்தபாடில்லை.