கறந்து பார்க்காத மாட்டை நகல் எடுத்த கதை

ரெண்டு மாசமா எதுவும் எழுதல. எங்க செவலை போய்ட்டா. ஏழு ஈத்து கண்ட மாடு. நல்ல நாள்ல ரெண்டு வேளைக்கும் சேர்த்து பதினாலு லிட்டருக்குக் குறையாது. குமணன்சாவடியில மெட்ரோ தூணுக்கும் அடுக்குமாடிக்கும் நடுவுல மாடு வச்சிருக்கிறவன் எவ்வளவு செலவு பண்ணி தீனி போடுறான்னு உங்களுக்குத் தெரியும். இந்த இடத்துல எங்களைத் தாங்கினது அவதான். ஏழுல அஞ்சு காளைக்கன்னு. மிச்சம் ரெண்டு கிடேரி. அதுல ஒண்ணு தங்கல, இன்னொண்ணு ஒன்பது லிட்டரைத் தாண்டல.

துக்கம் கேட்க வந்த மச்சான் சொன்னான்: "இப்பதான் குளோனிங் வந்துடுச்சே மாமா, காதுல ஒரு துண்டு வெட்டி வச்சிருந்தா இன்னொரு செவலை பண்ணியிருக்கலாம்." சிரிச்சிட்டு விட்டுட்டேன். ஆனா ராத்திரி தூக்கம் வரல. காதுல மஞ்சள் வில்லை குத்தும்போது மிளகு அளவு தோல் வந்து விழுந்ததே, அதைக் கூட்டித் தள்ளிட்டோமேன்னு மனசு கிடந்து அடிச்சுக்கிச்சு. அப்புறம் உட்கார்ந்து படிச்சேன். படிச்சதை வரிசையா சொல்றேன்.

நம்ம நாட்டுல மாட்டுக்கு முதல்ல சினை ஊசி போட்டது 1939-ல். மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில சம்பத்குமாரன் என்கிற கால்நடை மருத்துவர் செஞ்சார். அதுக்கு முன்னாடி நல்ல காளை எந்த ஊர்ல இருக்கோ அந்த ஊருக்கு மட்டும்தான் சொந்தம். ஊசி வந்தப்புறம் காளை செத்தாலும் அதோட விந்து குச்சிக்குள்ள உறைஞ்சு கிடக்கும், பிள்ளைகள் பிறந்துகிட்டே இருக்கும். இன்னைக்கு நம்ம தொழுவத்துக்கு வர்ற குச்சிக்கெல்லாம் தொடக்கம் அதுதான்.

ஆனா அது காளைக்கான வழி. பசுவுக்கு? பசு வருஷத்துக்கு ஒரு கன்னுதான். அதுலயும் பாதிதான் அவளோடது, மீதி பாதி காளையோடது. அதனாலதான் செவலையோட மகள் செவலையா இல்ல.

இதைத் தாண்டத்தான் வெளிநாட்டுல கருவுக்குள்ளே கை வச்சாங்க. சோதனைக் குழாயில கருவாக்கின முதல் கன்று அமெரிக்காவுல 1981-ல் பிறந்துச்சு. நம்ம நாட்டுல கர்னால் தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்துல 1990-ல் 'பிரதம்' பிறந்துச்சு. சோதனைக் குழாய் எருமைக் கன்றுல உலகத்துக்கே அதுதான் முதல். கர்னால்னதும் ஏதோ தூர ஊர்னு நினைக்காதீங்க. அந்த நிலையம் 1923-ல் தொடங்கினது நம்ம பக்கத்து பெங்களூர்லதான். 1927-ல் காந்தியடிகளே அங்கே போய் மாடு வளர்ப்பு படிச்சார். 1955-ல்தான் தலைமையிடம் கர்னாலுக்குப் போச்சு.

இனி குளோனிங். ஒரு கருமுட்டையில இருந்து அதோட உட்கருவை எடுத்துடுறாங்க. அந்த இடத்துல வேற ஒரு செல்லை வச்சு, லேசா மின்சாரம் கொடுத்து ஒட்ட வைக்கிறாங்க. ஒட்டினா அது கருவா வளரும். இதுல முக்கியம், அந்த 'வேற செல்' எங்கே இருந்து வருதுங்கிறதுதான்.

சினைப்பட்ட ஏழாம் நாள் மாட்டுக் கரு ஒரு குட்டிப் பந்து மாதிரி இருக்கும். வெளித்தோல் நஞ்சுக்கொடியா மாறும். உள்ளே ஓரமா ஒட்டியிருக்கிற சின்னக் கொத்துதான் கன்னுக்குட்டியா ஆகும். அந்தக் கொத்து இன்னும் எதுவாகவும் ஆகல. கண்ணா, குளம்பா, மடியான்னு முடிவு எடுக்கல. அதனால அந்தச் செல்லை வச்சு குளோன் பண்றது கொஞ்சம் சுலபம். அமெரிக்காவுல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல நீல் ஃபர்ஸ்ட் குழு 1987-ல் கருச் செல்லை வச்சே கன்று பிறக்க வச்சாங்க. 1994-ல் இன்னும் ஒரு படி. அந்த உள்கொத்துச் செல்லை எடுத்து, தட்டுல நாற்றங்கால் மாதிரி பெருக்கி, அப்படிப் பெருகினதுல இருந்து கன்றுகள் எடுத்தாங்க. 'செல் லைன்'னு சொல்றாங்களே, அதுக்கு இப்படி ஒரு நாற்றங்கால்னு நினைச்சுக்கங்க. உறைய வச்சு எடுத்து, மறுபடி பெருக்கிக்கலாம்.

ஆனா மாட்டுக்கு அந்த நாற்றங்கால் நிலைக்கவே மாட்டேன்னுச்சு. எலிக்கு 1981-லயே கிடைச்சது, மனுஷனுக்கு 1998-ல் கிடைச்சது. மாட்டுச் செல்லோ கொஞ்ச நாள் பெருகும், அப்புறம் தன் குணத்தை விட்டு வேற எதுவாகவோ மாறிடும். 2018-ல்தான் கலிஃபோர்னியாவுல டேவிஸ் பல்கலைக்கழகத்துல நிலையா நிக்கிற மாட்டுக் கரு ஸ்டெம் செல்லை உண்டாக்கினாங்க.

இங்கேதான் விவசாயி மூளை குறுக்கே நிக்குது. ஏழு நாள் கரு, கறந்து பார்க்காத மாடு! அது பதினாலு லிட்டரா, நாலு லிட்டரான்னு யாருக்குத் தெரியும்? நாம முருங்கைப் போத்து எந்த மரத்துல வெட்டுவோம்? காய் தின்னு பார்த்த மரத்துலதானே. விதை முளைக்கிற செடியில யாராவது போத்து வெட்டுவாங்களா?

அதனாலதான் 1996-ல் டாலி ஆடு பிறந்ததும் உலகமே திரும்பிப் பார்த்துச்சு. வளர்ந்த ஆட்டோட மடிச் செல்லுல இருந்து வந்தது அது. தின்னு பார்த்த மரத்துப் போத்து. ஆனா அதுக்கு 277 தடவை ஒட்ட வச்சாங்க, கடைசியில ஒரே ஒரு குட்டி. வளர்ந்த செல் 'நான் மடி', 'நான் தோல்'னு முடிவு பண்ணிடுச்சு. அதை மறக்கடிக்கிறதுதான் கஷ்டம்.

நம்ம கர்னால்காரங்க ரெண்டு வழியையும் பார்த்தாங்க. எஸ்.கே. சிங்லா போன்ற விஞ்ஞானிகள் விலை உயர்ந்த கருவி இல்லாம, கையாலயே முட்டையை வெட்டி ஒட்டுற முறையை எருமைக்குக் கொண்டு வந்தாங்க. முட்டை எங்கே இருந்துன்னு கேட்டா, டெல்லி இறைச்சிக்கூடத்துல வெட்டின எருமைகளோட சினைப்பையில இருந்து. நாம கழிவுன்னு தள்ளுறது அங்கே விதை. 2009 பிப்ரவரி 6-ல் முதல் கன்று பிறந்து சில நாள்ல செத்துப் போச்சு. ஜூன் 6-ல் பிறந்த கரிமா ரெண்டு வருஷத்துக்கு மேல இருந்து இதய நோயில போச்சு. 2010 ஆகஸ்ட் 22-ல் பிறந்தது கரிமா-2. இது கரு ஸ்டெம் செல்லுல இருந்து வந்தது. இவ வளர்ந்து, நம்ம மாட்டுக்குப் போடுற மாதிரியே சினை ஊசி போட்டு, 2013 ஜனவரி 25-ல் மகிமாங்கிற கன்றை ஈன்றா. குளோன் எருமை கன்று போடுமா, பால் தருமாங்கிற கேள்விக்கு அந்தத் தொழுவத்துல பதில் கிடைச்சுது.

2023 மார்ச் 16-ல் அதே நிலையத்துல கங்கா. கிர் பசுவோட வால்ல எடுத்த செல், சாஹிவால் மாட்டு முட்டை, சுமந்தது கலப்பின மாடு. ஒரு கன்னுக்கு மூணு தாய். பிறந்தப்போ 32 கிலோ.

அப்போ கருச் செல் நாற்றங்காலுக்கு என்னதான் பயன்? டேவிஸ்காரங்க சொல்றது இது: மரபணுவைப் படிச்சு, பிறக்கும் முன்னாடியே பால் எப்படி இருக்கும்னு கணக்குப் போடலாம். கறக்காமலே கறந்து பார்க்கிற மாதிரி. நல்லதா தெரியறதை மட்டும் பெருக்கலாம். ஆனா அந்தக் கணக்கு எங்கே இருந்து வரும்? ஆயிரக்கணக்கான மாடுங்க தினமும் எவ்வளவு கறந்துச்சுன்னு யாரோ எழுதி வச்சிருக்கணும். அந்த ஏடு இல்லாம மரபணு வெறும் எழுத்து. காளையைத் தேர்ந்தெடுக்கறதும் அப்படித்தான். அதோட மகள்களைக் கறந்து, எழுதிப் பார்த்துதான் காளை நல்லதா இல்லையான்னு சொல்றாங்க.

இதைப் படிச்சு முடிச்சப்போ மச்சான் சொன்ன காதுத் துண்டு மறந்து போச்சு. வேற ஒண்ணு உறுத்துச்சு. செவலை பதினாலு லிட்டர்னு மேலே எழுதினேனே, அது என் ஞாபகம்தான். எந்த ஈத்துல எத்தனை, எத்தனை மாசம் கறந்தா, எந்தக் காளையோட குச்சிக்கு எந்தக் கன்னு, எதையும் நான் எழுதல. ஆயா இருந்தவரைக்கும் சுவத்துல கரியால கோடு போட்டு வச்சாங்க. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது நான்தான் அதையும் சேர்த்து அடிச்சேன்.

பதினஞ்சு நாளா செவலையோட மகளுக்கு ஒரு நோட்டு போட்டிருக்கேன். காலையில நாலரை லிட்டர், சாயங்காலம் மூணே முக்கால். சினை ஊசி போட வர்றவர்கிட்ட காளையோட எண்ணையும் கேட்டு எழுதிக்கிறேன். உங்க தொழுவத்துலயும் ஒரு நோட்டு தொங்கட்டும். எழுதிட்டு கமெண்ட்ல சொல்லுங்க, உங்க மாடு இன்னைக்கு எவ்வளவு?