1962 இந்திய – சீனப் போர்: உயிரிழப்பும் நாடாளுமன்ற விவாதமும்

முன்னுரை

செங்கம் வட்டார நடுகற்கள் வீழ்ந்த வீரனின் பெயரையும் அவன் எப்பூசலில் பட்டான் என்பதையும் சேர்த்தே கூறுகின்றன. இறந்தவர் யார், எதனால் இறந்தார் என்னும் இரு வினாக்களுக்கும் அக்கல் விடை தருகிறது. 1962ஆம் ஆண்டுப் போரின் இழப்புகள் குறித்து இவ்விரு வினாக்களும் எவ்வாறு எதிர்கொள்ளப்பட்டன என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விவாதமும் களமும்

1962 அக்டோபர் 20 அன்று லடாக்கிலும் வடகிழக்கு எல்லைப்புறத்திலும் சீனத் தாக்குதல் தொடங்கியது. நாடாளுமன்றத்தைக் கூட்டுமாறு வாஜ்பாய் உள்ளிட்டோர் வற்புறுத்தினர். பிரதமர் நேரு அதற்கு இசைந்தார். ஆனால் இரகசியக் கூட்டம் என்னும் கருத்தை ஏற்கவில்லை. கிருஷ்ண மேனன் அமைச்சரவையிலிருந்து விலகிய மறுநாள், நவம்பர் 8 அன்று, மக்களவையில் தீர்மானம் முன்மொழியப்பட்டு, நவம்பர் 14 அன்று நிறைவேறியது. ஊன்றி நோக்கத்தக்கது இக்கால வரிசையே. வாலோங், சேலா, பொம்டிலா, ரெசாங் லா ஆகிய களங்களின் வீழ்ச்சி இதற்குப் பின்னர், நவம்பர் 16 முதல் 19 வரை நிகழ்ந்தது. எனவே அவையின் சூளுரை, இழப்பின் முழு அளவு தெரியுமுன் உரைக்கப்பட்டதாகும். நவம்பர் 21 அன்று சீனா போர்நிறுத்தம் அறிவித்தது.

கணக்கில் காணும் உண்மை

பாதுகாப்பு அமைச்சகத்தின் கணக்கின்படி இறந்தோர் 1,383, காணாமற்போனோர் 1,696, சிறைப்பட்டோர் 3,968. இறந்தோரினும் காணாமற்போனோர் மிகுதி. பின்வாங்கலில் படைப்பிரிவுகள் சிதறியமையும், களம் எதிரியின் வசம் இருந்தமையும் இதற்குக் காரணங்கள் எனலாம். ரெசாங் லாவில் மேஜர் ஷைத்தான் சிங் தலைமையிலான 13ஆம் குமாவோன் பிரிவின் வீரர் நூற்றுவருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்தம் உடல்கள் பனியில் உறைந்த நிலையில் 1963ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேயே கண்டெடுக்கப்பட்டன. அதுவரை அவர்கள் எவ்வாறு போரிட்டு வீழ்ந்தனர் என்பதற்குக் களச்சான்று கிட்டவில்லை.

பொறுப்பு குறித்த வினா

1963 ஆகஸ்டில் ஆச்சார்ய கிருபளானி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் 62க்கு 347 என்ற வாக்குகளில் தோற்றது. இந்திய நாடாளுமன்றம் கண்ட முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் இதுவே. ஹெண்டர்சன் புரூக்ஸும் பகத்தும் அளித்த விசாரணை அறிக்கை அவையில் வைக்கப்படவில்லை. பாதுகாப்பு அமைச்சர் சவாண் செப்டம்பர் 2 அன்று, பயிற்சி, தளவாடம், ஆணையமைப்பு முதலியவற்றில் இருந்த குறைகளைச் சுருக்கமாக எடுத்துரைத்தார். 2014இல் நெவில் மேக்ஸ்வெல் அறிக்கையின் ஒரு பகுதியை வெளியிட்டார். அரசு முழு அறிக்கையையும் வெளியிடவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால், விவாதம் இழப்பை முந்தியது என்பதும், கணக்கு வந்தபின் அதற்குரிய காரணம் அவைக்கு முழுமையாக வந்துசேரவில்லை என்பதும் பெறப்படும். மாண்டோரின் பெயர்களைச் சுசூல் நினைவிடம் ஏந்தி நிற்கிறது. யார் என்னும் வினாவிற்குக் கல் விடை தந்தது. எதனால் என்னும் வினாவிற்குரிய விடையோ கோப்பினுள் தங்கிவிட்டது. வீரத்தைப் போற்றுதல் மட்டும் அதற்கு ஈடாகாது.