பதின்மூன்று வயதில் சாத்தப்பட்ட கதவு

2019ஆம் ஆண்டு மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை. அடிலெய்டு ஓவல் மைதானத்தில் 53,034 பேர் கூடியிருந்தனர். நுழைவுக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆயினும் கட்டணம் இல்லை என்பதற்காக மட்டும் ஐம்பதாயிரம் பேர் ஓரிடத்தில் கூடிவிடுவதில்லை. மகளிர் ஆஸ்திரேலியக் கால்பந்தின் இறுதிப்போட்டி அது. கார்ல்டன் அணியை அடிலெய்டு அணி வெகுவாக விஞ்சி நின்ற மூன்றாம் கால்பகுதியில், முப்பத்து மூன்று வயது வீராங்கனை ஒருவர் முழங்காலைப் பற்றியபடி புல்தரையில் விழுந்தார். தசைநார் அறுந்திருந்தது. அவரை வெளியே கொண்டு சென்றபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. தோற்றுக்கொண்டிருந்த எதிரணிப் பெண்களும் அருகில் வந்து ஆறுதல் கூறினர். கடைசிக் கால்பகுதியில் அவர் இல்லை. இருந்தும் ஆட்டத்தின் சிறந்த வீராங்கனைக்கான பதக்கம் அவருக்கே அளிக்கப்பட்டது.

எரின் பிலிப்ஸ் என்பது அவர் பெயர். அவரைப் பற்றிப் பேசுமுன் அந்த விளையாட்டைப் பற்றி இரண்டு சொற்கள் சொல்லியாக வேண்டும். நம் வாசகர்களுள் பலர் அதைக் கண்டிருக்க வாய்ப்பில்லை.

கிரிக்கெட் மைதானத்தையொத்த முட்டை வடிவக் களம். பந்தும் முட்டை வடிவமே. இருபுறமும் நந்நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கிடையே உதைத்தால் ஆறு புள்ளிகள். பக்கவாட்டு இடைவெளியில் சென்றால் ஒரே ஒரு புள்ளி. பந்தை உதைக்கலாம், முட்டியால் குத்தி அனுப்பலாம், எறிவது குற்றம். ஆடவர் அணியில் பதினெண்மர், மகளிர் அணியில் பதினறுவர். தலைக்கவசமோ தோள்கவசமோ கட்டாயமில்லை. ஆனால் இழுத்து வீழ்த்துவதற்குக் குறைவில்லை. மெல்பர்னில் 1859இலேயே இதன் விதிகள் எழுத்தில் வந்துவிட்டன. உலகம் கால்பந்து என்று அழைக்கும் ஆட்டத்துக்கு லண்டனில் விதிகள் எழுதப்பட்டது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்துத்தான். தேதிகளில் ஆர்வமுள்ள நம் போன்றோர் இதை மனத்தில் குறித்துக்கொள்ளலாம்.

நிற்க. எரினின் தந்தை கிரெக் பிலிப்ஸ், தெற்கு ஆஸ்திரேலியாவின் தொன்மையான அணியாகிய போர்ட் அடிலெய்டின் தற்காப்பு வீரர். 1977 தொடங்கி 1992 வரை அவ்வணியுடன் எட்டு முறை மாநிலக் கோப்பையை வென்றவர். இடையில் சில ஆண்டுகள் மெல்பர்னின் காலிங்வுட் அணிக்கு ஆடப் போயிருந்தார். அந்நாளில்தான், 1985 மே மாதத்தில், அங்கே எரின் பிறந்தார்.

எட்டுக் கோப்பைகள் வென்ற தந்தையின் வீட்டில் பந்தைத் தொடாத குழந்தை வளருமா? எரின் சிறுவர்களுடன் சேர்ந்து ஆடினார்; நன்றாகவே ஆடினார். பதின்மூன்று வயதானதும் அது நின்றுபோயிற்று. அந்த வயதுக்குமேல் சிறுவர் அணியில் சிறுமிகளுக்கு இடமில்லை. அவர் செல்லத்தக்க மகளிர் பாதையும் இல்லை. திறமைக் குறைவு என்று எவரும் சொல்லவில்லை. விதி அவ்வாறு இருந்தது, அவ்வளவே.

பெண்கள் அதற்கு முன் ஆடியதே இல்லை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1915இல் பெர்த் நகரத்தில் ஒரு பெரிய வணிக நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் இவ்வாட்டத்தை ஆடியதாகப் பதிவுகள் உண்டு. 1981இல் விக்டோரியாவில் நான்கே அணிகளுடன் ஒரு மகளிர் சங்கம் தோன்றியது. அதில் ஆடியவர்கள் ஊதியம் பெறவில்லை. தம் கைக்காசைச் செலவிட்டே ஆடினர். சிறுமிகளுக்கான தடையோ தொடர்ந்தது. மெல்பர்னைச் சேர்ந்த மூன்று சிறுமிகள் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்து, 2004இல் விக்டோரியத் தீர்ப்பாயம் வரை சென்றனர். பதினான்கு வயதுக்கு உட்பட்டோரைத் தடுக்க இயலாது, அதற்கு மேற்பட்டோரைத் தடுக்கலாம் என்று அரைக் கதவைத் திறந்தது தீர்ப்பு. தோற்றவர்களுக்காகவே பிறகு சிறுமியர் போட்டிகள் தொடங்கப்பட்டன. வழக்காடிய மூவருள் ஒருவரான பென்னி கூலா-ரீட் பிற்காலத்தில் காலிங்வுட் மகளிர் அணியில் ஆடினார் என்பதைப் படித்தபோது நமக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

எரினுக்கு இவை எவையும் உதவவில்லை. தீர்ப்பு வந்தபோது அவர் வேற்று மாநிலத்தில், கூடைப்பந்து ஆட்டக்காரியாக நிலைபெற்றிருந்தார். அடிலெய்டு லைட்னிங் அணி, 2005இல் அமெரிக்கத் தொழில்முறைச் சங்கத்தின் தேர்வு, 2006இல் பிரேசிலில் உலகச் சாம்பியன் பட்டம் வென்ற ஆஸ்திரேலிய அணியில் இடம், 2012இல் இந்தியானாவுடனும் 2014இல் ஃபீனிக்ஸுடனும் அமெரிக்கப் பட்டங்கள், 2016இல் ரியோ ஒலிம்பிக். வேறொருவருக்கு இதுவே முழு வாழ்வாக இருந்திருக்கும்.

தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியை 2020இல் தொடங்குவதாக இருந்த ஆஸ்திரேலியக் கால்பந்து நிர்வாகம், அதை 2017க்கு முன்னிழுத்தது. எட்டு அணிகள். போர்ட் அடிலெய்டு அவற்றுள் இல்லை. ஆகவே போர்ட் அடிலெய்டு வீரரின் மகள், அவ்வணியின் பரம வைரியான அடிலெய்டு குரோஸ் அணியின் சீருடையை அணிய நேர்ந்தது. அந்நகரத்தில் இது சிறிய செய்தியன்று. இவ்விரு அணிகளின் பெயரால் குடும்பங்களுக்குள்ளேயே பூசல் உண்டு. அவர் அணிந்த எண் 13. அந்த எண்ணைக் காணும்போது கதவு சாத்தப்பட்ட வயது நம் நினைவுக்கு வராமல் போகாது.

2017 பிப்ரவரி 3 அன்று மெல்பர்னின் பிரின்சஸ் பார்க்கில் முதல் ஆட்டம். 24,568 பேர் உள்ளே. இடமின்றித் திருப்பி அனுப்பப்பட்டோர் வெளியே. நிர்வாகத் தலைவரே வாயிலுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டார். பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க யார் வருவார் என்ற பழைய கேள்விக்கு அவ்வாயிலிலேயே விடை கிடைத்தது என்பது நம் கருத்து. ஊதியத்தைப் பார்த்தால் வேறு கதை. முன்னணி வீராங்கனைக்கு அப்பருவத்துக்கு 27,000 டாலர்; பெரும்பாலோர்க்கு 8,500. மருத்துவச்சியும் ஆசிரியையும் தச்சுப் பணியாளரும் மாலையில் பயிற்சிக்கு வந்தனர். அவர்கள் எடுத்த புள்ளிகள் குறைவென்று குறை கூறியோரும் இருந்தனர். பதின்மூன்று வயதில் பந்தைப் பறித்துவிட்டு முப்பதில் உதை சரியில்லை என்பது எந்த ஊர் நியாயமோ!

எரின் முப்பத்தொரு வயதில், இரட்டைக் குழந்தைகள் பிறந்து சில மாதங்களே ஆகியிருந்த வீட்டிலிருந்து களத்துக்கு வந்தார். கூட்டுத் தலைவியாக அணியை நடத்தினார். மார்ச் 25 அன்று நடந்த இறுதியில் பிரிஸ்பேனை 35-29 என்று அடிலெய்டு வென்றது. சிறந்த வீராங்கனை அவரே. சில நாள்களில் அப்பருவத்தின் ஒட்டுமொத்தச் சிறந்த வீராங்கனை விருதும் அவருக்கு அறிவிக்கப்பட்டது. பெயர் ஒலித்ததும் அருகிலிருந்த தம் மனைவி டிரேசி கஹனை முத்தமிட்டுவிட்டு மேடையேறினார். தொலைக்காட்சி அதை நேரலையில் காட்டியது. அமெரிக்காவில் செல்லுபடியான அவர்கள் திருமணம் அன்று ஆஸ்திரேலியச் சட்டத்தின் கண்ணில் திருமணமே அன்று. அச்சட்டம் அவ்வாண்டு டிசம்பரில்தான் மாறியது. அம்முத்தம் பற்றி அங்கே நிறையப் பேசப்பட்டது. அவர் செய்தது, விருது பெறும் எந்த ஆடவ வீரரும் ஆண்டுதோறும் செய்வதைத்தான்.

அந்நாளில் பலரும் அவரைக் கூடைப்பந்திலிருந்து வந்து கால்பந்தில் சாதித்தவர் என்று பாராட்டினர். நாம் இதில் உடன்படவில்லை. அவர் வந்தவர் அல்லர், திரும்பி வந்தவர். இடையில் கழிந்தவை பதினெட்டு ஆண்டுகள். ஆடவ வீரர் ஒருவருக்கு அவை முழுத் தொழில் வாழ்வும். தந்தையின் எட்டுக் கோப்பைகளும் பதினாறு ஆண்டுகளுக்குள் வந்தவை என்பதை இதனோடு வைத்துப் பார்க்கலாம்.

2019இன் கதையை முதலிலேயே சொல்லிவிட்டோம். அடிலெய்டு 63-18 என்று வென்றது. அவ்வாண்டின் சிறந்த வீராங்கனை விருதும் இரண்டாம் முறையாக எரினுக்கே. முழங்கால் அறுவைக்குப்பின் மறுபருவமே களம் திரும்பினார். கொரோனாவால் 2020 பருவம் வெற்றியாளர் இன்றி நின்றது. 2021 இறுதியில் பிரிஸ்பேனிடம் தோல்வி. 2022 ஏப்ரலில் மெல்பர்னை வென்று மூன்றாவது கோப்பை.

அதன்பின் அவர் எடுத்த முடிவு கணக்குப் பார்ப்போர்க்குப் புரியாதது. 2022 ஆகஸ்டில் போர்ட் அடிலெய்டு முதன்முறையாக மகளிர் அணியைக் களமிறக்கியது. நாட்டின் மிக வலிய அணிகளுள் ஒன்றை விட்டு, முப்பத்தேழு வயதில், பெரும்பாலும் அனுபவமற்ற இளம்பெண்கள் நிரம்பிய அப்புது அணிக்குச் சென்று தலைமையேற்றார். அங்கே இரு பருவங்கள் ஆடினார். வெற்றிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. 2023 இறுதியில் ஓய்வு பெற்றார். 2025இல் ஆஸ்திரேலியக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் தேசிய மகளிர் போட்டியின் வீராங்கனையருள் முதலாமவராக அவர் சேர்க்கப்பட்டார்.

தந்தை எட்டுக் கோப்பைகள் வென்ற அணியில் மகள் கோப்பை எதையும் வெல்லவில்லை. அவ்வணியின் மகளிர் பதிவேட்டில் முதல் தலைவியின் பெயர் எரின் பிலிப்ஸ் என்றிருக்கிறது.