வானத்திலிருந்து விழும் பெட்டி: நிந்தவூரில் கமரா பலூன் ஏற்றலாமா?

என்னிடம் படிக்கும் பிள்ளைகள் சிலர் ஒரு காணொளியைக் காட்டினார்கள். பலூனில் கட்டிய கமரா மேலே போகப் போக வானம் கறுக்கிறது, பூமியின் விளிம்பு வளைந்து தெரிகிறது. "சேர், நம்மட கடற்கரையில இருந்து இத விடேலாதா?" என்று கேட்டார்கள். விடலாம்தான். ஆனால் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது வேறொன்று. அவர்களின் வயதில் நான் இருந்தபோது, ஹெலி சத்தம் கேட்டால் உம்மா எங்களை வீட்டுக்குள் இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்திவிடுவார்.

வேலை பெரிய வித்தையல்ல. 2009 செப்டெம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் ஏறக்குறைய 150 டொலர் செலவில் இதைச் செய்தார்கள். ஒரு சாதாரண கமரா, ஜி.பி.எஸ். உள்ள கைத்தொலைபேசி, குளிர் தாங்கும் பெட்டி, கைகளைச் சூடாக்கும் சிறு பொதிகள் ஆகியவையே அவர்களிடம் இருந்தன. பெட்டி ஏறக்குறைய 28 கிலோமீற்றர் உயரம் போய்த் திரும்பியது. நமக்குப் பக்கத்து இராமேஸ்வரத்தில் 2021 பெப்ரவரி 7 அன்று, மாணவர்கள் செய்த 100 மிகச்சிறு செய்மதிகளை ஹீலியம் பலூனில் ஏற்றினார்கள்.

பலூன் காலநிலை ஆய்வுக்குப் பயன்படும் இறப்பர் பலூன். ஒரு கனமீற்றர் ஹீலியம் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும். பலூனின் சொந்த எடையும் அதில் அடங்கும். தரையில் நிறைய அடைக்கக் கூடாது. 30 கிலோமீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் இங்குள்ளதில் நூறில் ஒரு பங்குதான், அதனால் பலூன் பல மடங்கு வீங்கி வெடிக்கும். பெட்டி பரசூட்டில் இறங்கும். செக்கனுக்கு 5 மீற்றர் ஏறினால் மேலே போக 100 நிமிடம். நம் தலைக்கு மேல் 17 கிலோமீற்றரில் குளிர் மறை 80 பாகை செல்சியசை நெருங்கும். நம்ப மாட்டீர்கள், அந்த உயரத்தில் துருவங்களை விட வெப்பவலயத்தில்தான் குளிர் கூட. ஆகவே ரெஜிபோம் பெட்டியும் லித்தியம் பற்றரியும் வேண்டும். சில ஜி.பி.எஸ். கருவிகள் 18 கிலோமீற்றருக்கு மேல் நின்றுவிடும், வாங்கும்போதே விசாரியுங்கள். கைத்தொலைபேசிச் சிக்னல் சில கிலோமீற்றரிலேயே அறுந்து, இறங்கும்போதுதான் திரும்பக் கிடைக்கும்.

நம் ஊருக்குரிய சிக்கல் காற்று. கிழக்கே கடல் காலடியிலேயே கிடக்கிறது. தென்மேல் பருவத்தில் கீழ்க்காற்று பலூனைக் கடலுக்குத் தள்ளும். அதே மாதங்களில் பத்துப் பதினைந்து கிலோமீற்றருக்கு மேலே பலத்த கீழைக்காற்று அதைத் தரைப்பக்கம் திருப்பும். எது வெல்லும் என்பது அன்றைய நாளைப் பொறுத்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய கணிப்பானில் ஏற்றும் நேரத்தைக் கொடுத்தால் விழும் இடத்தைக் காட்டும். கடலில் புள்ளி விழுந்தால் அன்று ஏற்றக் கூடாது.

தரையில் விழுந்தால் சிக்கல் முடிந்துவிடாது. வயரும் பற்றரியும் வைத்துக் கட்டிய பெட்டி ஒன்று யாரோ ஒருவரின் வயலில் கிடக்கிறது. அதை முதலில் காண்பவர் அறுவடைக்குப் போன ஒரு மனிதர். இந்த மாகாணத்தில் அவர் என்ன நினைப்பார்? 2016 பெப்ரவரியில் கூகுளின் இணையப் பலூன் ஒன்று கம்பளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் இறங்கிச் செய்தியானது. அதன் பின்னால் பெரிய நிறுவனம் இருந்தது. நம் பிள்ளைகளுக்குப் பின்னால் யாருமில்லை. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பிறகு, அதே மாதம் 25ஆம் திகதி நாடு முழுவதும் ட்ரோன்கள் தடைசெய்யப்பட்டதையும் மறக்க வேண்டாம்.

எனவே சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடம் எழுத்தில் அனுமதி கேட்காமல் ஒரு சிலிண்டரும் வாங்காதீர்கள். பொலிசுக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். கறுப்பு ரேப் சுற்றாதீர்கள். பெட்டிக்குக் கடும் செம்மஞ்சள் நிறம் பூசுங்கள், வயர் வெளியே தெரியக் கூடாது. 'பாடசாலைப் பரிசோதனை, ஆபத்தில்லை' என்று தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் தொலைபேசி இலக்கத்தோடு பெரிதாக எழுதுங்கள்.

பிள்ளைகளிடம் நான் சொன்னது இதைவிடச் சிறியது: முதலில் கயிற்றில் கட்டி நூறு மீற்றருக்குள் ஏற்றுவோம், அதற்கும் கேட்டுவிட்டு. 2010 மெக்சிக்கோ வளைகுடா எண்ணெய்க் கசிவின்போது கரையோர மக்கள் பலூனிலும் பட்டத்திலும் கமரா கட்டித் தங்கள் கரையின் நிலையைத் தாங்களே பதிவுசெய்தார்கள். நமக்கும் பதிவு வேண்டும். 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்துக்கு வடக்கே கரை கரைகிறது, நாம் இருப்பது அந்த வடக்கில். தென்னைகள் எத்தனை போயின என்று கடற்றொழிலாளர்களுக்குத் தெரியும், ஆனால் காட்ட அவர்களிடம் படமில்லை. மாதத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் நின்று எடுத்தால் ஒரு வருடத்தில் பேசக்கூடிய ஆதாரம் கையில் இருக்கும்.

படத்தில் அளவு எடுக்க, அளந்த இடைவெளியில் இரண்டு வெள்ளைச் சாக்குகளை மணலில் விரிக்க வேண்டும். பிள்ளைகள் சாக்குத் தேடி அரிசி ஆலைக்குப் போயிருக்கிறார்கள்.